பெண்ணோடு வராத மரம்

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது நகை தருவார்கள், பாத்திரம் தருவார்கள், வசதி இருந்தால் ஒரு கறவை மாடும் தருவார்கள். மாவடு மரம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அகநாசினி ஆற்றங்கரைக் காடுகளில் அந்த மரங்கள் தாமாக முளைத்தவை. ஒரு மரத்தின் வடு சீரகம் மணக்கும், இன்னொன்று கற்பூரம் மணக்கும், பத்தடி தள்ளி நிற்கும் மூன்றாவது வெறும் புளிப்பாக இருக்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். நல்ல மரம் ஒன்று கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் வாயைத் திறக்காது. அப்பன் மகனுக்குச் சொல்வான். மகளுக்குச் சொன்னால் மரம் புகுந்த வீட்டுக்குப் போய்விடும் என்பது பயம்.

என் அண்ணன் கஜானனனின் மனைவி வினுதா. அண்ணன் மனைவியை நாங்கள் அத்திகே என்போம். அவள் தன் பிறந்த ஊரான நீர்கோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடவே இரண்டு ஜாடி வடு ஊறுகாய் வந்தது. என் அப்பா புரோகிதர், மரியாதையாகப் பட்ரே என்று கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதும் மந்திரம் சொல்லும் வேகத்தில் பேசுபவர். முதல் வடுவைக் கடித்ததும் பேச்சை நிறுத்தினார். தயிர்சாதம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் மூன்று வேளையும் நீர்கோட்டு ஊறுகாய்தான்.

போன மழைக்காலத்தில் எங்கள் சொந்த மரம் கரையோடு சரிந்து ஆற்றில் போனது. சிவராத்திரி முடிந்த வாரம் கடைசி ஜாடியின் அடியைக் கரண்டி தட்டியது. இந்த வருடம் சிர்சி சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அப்பா. சாவுச் செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னார்.

"சந்தையில எதுக்கு? எங்க மரம் இருக்கே" என்றாள் அத்திகே.

"எங்க மரமா? உங்கப்பா மரம்னு சொல்லு. உனக்கு அது கிழக்கா மேற்கான்னாவது தெரியுமா?" என்றார் அப்பா.

அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளைச் சுட்டது. யுகாதிக்குள் வீட்டிலுள்ள நான்கு ஜாடியையும் அந்த மரத்து வடுவால் நிரப்புவேன், இல்லாவிட்டால் நீர்கோட்டு ஊறுகாய் என்ற சொல்லையே இந்த வீட்டில் எடுக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். தன் அப்பாவுக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் அவர் மாடு கன்று போட்டிருப்பதைப் பற்றியே பேசினார்.

கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள். "சுதன்வாவுக்குச் சொல்லியிருப்பாரு, மேதினி. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு ஊறுகாயைத் தொடவே மாட்டான் அவன். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் என்ன, ரோட்டுல போறவளா?"

சுதன்வா அவள் தம்பி. எனக்கு உடனே பதில் சொல்ல வராது. தாவரவியல் படித்தவள் என்பதால் மரம் தேடுவதில் உதவுவேன் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

யுகாதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்கோட்டுக்குக் கிளம்பினோம். வெளியில் சொன்ன காரணம் கன்றுக்குட்டியைப் பார்ப்பது. வேனுக்குள் அப்பா, ஆயி என்று நாங்கள் கூப்பிடும் அம்மா, அண்ணன், அத்திகே, நான். இருக்கைக்கு அடியில் வலை, கயிறு, நான்கு சாக்கு, தீப்பெட்டி. நுனியில் கொக்கி கட்டிய மூங்கில் மட்டும் வேனுக்குள் அடங்காமல் பின்கதவு வழியாக எட்டடி நீட்டிக்கொண்டிருந்தது. சந்தேகம் வராமலிருக்க அதன்மேல் ஆயியின் ஈரப் புடவையைக் காயப்போடலாம் என்றார் அப்பா. காயப்போட்டோம். வழி நெடுக எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நீர்கோட்டு வீட்டு வாசலில் சுப்ராய ஹெக்டே நின்றிருந்தார். அத்திகேயின் அப்பா. ஒல்லியானவர், தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. காலில் காட்டுக்குப் போகும் செருப்பு. கையில் தடி. வேனின் பின்பக்கம் போய்ப் புடவையை நிதானமாகப் பார்த்தார்.

"கன்னுக்குட்டியை எட்டி நின்னே தடவிக் கொடுக்கறதுக்கா பட்ரே?"

"புடவை காய வேண்டாமா ஹெக்டேரே" என்றார் அப்பா.

"நியாயம்தான். சிர்சியில வெயில் கம்மி."

சம்பந்திகள் இருவரும் முகத்தில் சிரிப்பில்லாமல் கும்பிட்டுக்கொண்டார்கள். அத்திகே நேராகத் தன் அப்பா முன்னால் போய் நின்றாள். மரத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. நான் தேடப் போகிறேன், தடுக்காதே என்றாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தடுக்க மாட்டேன். நானே கூட வர்றேன். சாயங்காலம் விளக்கு வைக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சா மரம் உன்னோடது. இல்லேன்னா இந்த ஜென்மத்துல இந்தப் பேச்சு கூடாது. சரியா?"

"சரி."

"நான் பொய் சொல்ல மாட்டேன். உண்மையும் சொல்ல மாட்டேன்."

அத்திகேயின் அம்மா கோதாவரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, இந்த மனுஷரோடு காட்டுக்குப் போவதற்குப் பதில் கன்றுக்குட்டியோடு போகலாம், அதற்காவது வீடு திரும்ப வழி தெரியும் என்றாள். ஆயிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பலா அப்பளம் பொரிக்க உதவுகிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

நாங்கள் ஐந்து பேர் நடந்தோம். ஹெக்டே முன்னால்.

முதலில் வடக்கே பாக்குத் தோட்டத்தைத் தாண்டி மேட்டில் ஏறினோம். உச்சியில் பெரிய மரம் ஒன்று. ஹெக்டே அதன் முன் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கைகூப்பினார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. தாவிப் போய்த் தாழ்ந்த கிளையில் இலை கிள்ளக் கை நீட்டினார்.

"அது சேரான்" என்றேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசி நொடியில் ஹெக்டே அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதீங்க பட்ரே. பால் பட்டா நாலு நாளைக்கு உடம்பு தோசை மாதிரி கொப்புளிக்கும்."

"அப்புறம் எதுக்குய்யா கும்பிட்டீங்க?"

"பயந்துதான். நீங்க எதுக்குன்னு நெனச்சீங்க?"

சேரான் மாமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இலையும் ஏறக்குறைய அதே இலை. என் குறிப்பேட்டில் மேட்டை வரைந்து சேரான் என்று எழுதிக்கொண்டேன். எங்கே போனாலும் நடந்த வழியை வரைவது கல்லூரியில் பழகிய பழக்கம்.

அடுத்தது கிழக்கே, ஓடைக்கரை. இந்த முறை உண்மையான மாமரம், கொத்துக் கொத்தாக வடு. அண்ணன் மூங்கிலைத் தூக்கினான். மூங்கில் ஒரு பக்கம் போனது, அண்ணன் இன்னொரு பக்கம் போய் ஓடையில் உட்கார்ந்தான். முழங்கால் ஆழம்தான். எழுந்திருக்காமல் அங்கேயே இருந்துகொண்டு தண்ணீர் குளுமையாக இருக்கிறது, நீங்கள் தேடுங்கள் என்றான். அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தப் பயணத்தில் விருப்பமில்லை. சந்தை வடுவே போதும் என்று ஒருமுறை சொல்லப்போய் இரண்டு நாள் அத்திகே அவனுடன் பேசவில்லை.

அப்பா ஒரு வடுவைப் பறித்துத் துடைக்காமல் கடித்தார். கண்கள் உள்ளே போய்த் திரும்பி வந்தன. அப்படி ஒரு புளிப்பு. காம்பில் வடிந்த பால் உதட்டில் பட்டு, கால் மணி நேரத்தில் கீழுதடு இரண்டு மடங்கு ஆனது. அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதி யாருக்கும் புரியவில்லை. ஹெக்டே மட்டும் எல்லாவற்றுக்கும் ஆமாம் பட்ரே, ஆமாம் பட்ரே என்று தலையாட்டினார்.

மூன்றாவது மேற்கே. அங்கே நான்கு மரங்களின் இலைகளைக் கசக்கி முகர்ந்தோம். காம்பை ஒடித்து, வரும் பாலைத் தீக்குச்சிச் சுடரில் பீய்ச்சிப் பார்த்தோம். நல்ல மரத்தின் பாலில் எண்ணெய் அதிகம். சுடரில் பட்டதும் பொறி பறக்கும். இந்த நான்கின் பாலும் தீக்குச்சியை அணைத்ததோடு சரி. அத்திகே அணைந்த குச்சிகளைக் கையில் சேர்த்துக்கொண்டே வந்தாள். காலையில் இருந்த வேகம் அவளிடம் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நேராக இறங்கினால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றியது. ஹெக்டே பக்கத்து வீட்டுப் பாக்குக் களத்தைச் சுற்றி அழைத்துப் போனார். ஏன் என்று அத்திகேயிடம் கேட்டேன்.

"அங்க நாகவனம் இருக்கு. யாரும் குறுக்க போக மாட்டாங்க."

பாம்புக்கென்று விட்டுவைத்த, இருபது முப்பது மரங்கள் அடர்ந்த சின்னத் தோப்பு. வெளியிலிருந்து பார்த்தால் கொடிகள்தான் தெரிந்தன. அப்பா நின்று, செருப்பைக் கழற்றி, வீங்கிய உதட்டோடு ஒரு சுலோகம் சொன்னார். அத்திகே கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிரே வந்த பால்காரரும் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட்டார். ஹெக்டே மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாக்கில் இந்த வருடம் பூச்சி விழுந்துவிட்டது என்று தொடர்ந்து பேசிக்கொண்டே வேகமாக நடந்தார்.

ஒரு சேரான் மரத்தைக் கும்பிட்டவர் நாகனைக் கும்பிடவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு பெரிதாக இருந்தது. மோரில் கரைத்த தம்புளி, அப்பளம், பல்யா என்கிற பலாக்கொட்டைப் பொரியல், பாயசம். ஓரத்தில் போன வருடத்து வடு ஊறுகாய். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். உதட்டுக்கு உறைக்கும் என்பதால் தொட முடியவில்லை. விளக்கு வைக்க இன்னும் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது என்று ஹெக்டே மகளுக்கு நினைவுபடுத்தினார். இன்னொரு கரண்டி பாயசமும் போட்டார். தூங்கச் செய்வதற்குத்தான் என்று எனக்குப் பட்டது. அப்பாவும் அண்ணனும் உடனே தூங்கிவிட்டார்கள். ஹெக்டேயும் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தார்.

கொல்லைப் படியில் அத்திகே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சின்னப் பொண்ணா இருந்தப்ப என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்காரு. ஆறு வயசு வரைக்கும். கண்ணைத் துண்டால கட்டிடுவாரு. ரொம்ப தூரம் நடப்பாரு. ஓடையை மூணு தடவை தாண்டுவாரு. எண்ணியிருக்கேன்."

"மூணு ஓடையா?" என்றேன்.

"மூணு தடவை."

"ஒரே ஓடையா இருந்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். வேறு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். மரத்தடிக்குப் போனதும் மஞ்சள் வாசனை வரும், பாக்குப்பூ வாசனையும் வரும், கல்யாண வீடு மாதிரி இருக்கும் என்றாள். காட்டுக்குள் கல்யாண வீட்டு வாசனை எப்படி வரும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. ஆறு வயதில் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

குறிப்பேட்டை அவள் மடியில் வைத்தேன். வடக்கே போன கோடு, கிழக்கே போன கோடு, மேற்கே போன கோடு. எல்லாம் வளைந்து வளைந்து வீட்டுக்கே வந்தன. நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம் மிஞ்சியிருந்தது. காலையிலிருந்து ஹெக்டே அதைச் சுற்றியே எங்களை நடத்தியிருந்தார். ஒரு கோடுகூட அதன்மேல் விழவில்லை.

"இது மாட்டுக்கொட்டகை. இது ஓடை. நடுவுல..." அவள் விரல் நின்றது. "அய்யோ மேதினி. அது நாகவனம்."

உள்ளே போகலாமா என்று அவள் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். தரை அதிர்வது பாம்புக்குத் தெரியும், காலை ஓங்கி வைத்து நடந்தால் விலகிப் போய்விடும் என்று சொன்னேன். இருவரும் அணிவகுப்பு போலக் காலை உதைத்துக்கொண்டு கொடிகளை விலக்கி நுழைந்தோம்.

உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. நடுவில் முழங்கால் உயரக் கல் ஒன்று, மஞ்சள் பூசி, மேலே உலர்ந்த பாக்குப்பூ. கல்யாண வீட்டு வாசனை. கல்லுக்குப் பின்னால், ஓடைப் பக்கமாகச் சாய்ந்து, இரண்டு பேர் சேர்ந்து கட்டினாலும் அடங்காத ஒரு மாமரம்.

அத்திகே கல்லின் முன் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, கீழே கிடந்த ஒரு தளிரை எடுத்துக் கசக்கினாள். முகர்ந்ததும் அப்படியே என் மூக்கில் வைத்தாள். சீரகம், அதற்கு அடியில் கொஞ்சம் கற்பூரம். ஒரு காம்பை ஒடித்துத் தீக்குச்சியில் பாலைப் பீய்ச்சினேன். சர்ரென்று பொறி பறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினோம்.

"யானை நொழைஞ்சிடுச்சோன்னு பார்த்தேன்" என்றது ஒரு குரல்.

ஹெக்டே ஓடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் தூங்கவே இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் கட்டியிருந்தார். வெற்றிலை இல்லை. காலையில் பார்த்த ஆளாகவே தெரியவில்லை.

அத்திகே மரத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "சுதன்வாவுக்கு இது தெரியுமா?"

"அவனுக்கு எதுக்கு? ஊறுகாய் ஜாடியைப் பார்த்தாலே நெஞ்செரிச்சல்ங்கறான்."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் இவனுக்கு." கல்லைக் காட்டினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல அப்பய்யா?"

அவர் வேரில் உட்கார்ந்தார். "என்னன்னு சொல்றது வினு? உங்கப்பன் முப்பது வருஷமா நாகனோட மாங்காயைத் திருடறான்னா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அத்திகே பிறப்பதற்கு முந்தின வருடம் ஊருக்கு ரோடு வந்தது. ரோடு போட வந்தவர்கள் பிஞ்சைக் கல்லால் அடித்துத் தின்றார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் மரம், வேலியும் நிற்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் அவர் ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து, மஞ்சள் பூசி, மரத்துக்கு முன்னால் நட்டார். அந்த ஒரு பருவம் தாண்டினால் போதும் என்று நினைத்தார். கல்லடி நின்றது. ஆனால் அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரி விளக்கேற்றினாள். வற்றிப்போயிருந்த அவள் மாடு பால் கொடுத்தது. அதன் பிறகு ஊர் கூடியது. கோகர்ணத்திலிருந்து வந்த பெரியவர் எல்லை கட்டி, இதற்குள் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தேங்காய் உடைச்சது யாரு தெரியுமா? நான்தான். நான் வச்ச கல்லு, என் மரம், பறிக்கக் கூடாதுன்னு என்னையே சங்கல்பம் பண்ண வச்சாங்க."

அன்றிலிருந்து அவர் வருடா வருடம் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க மேட்டில் ஏறுவார். அந்தப் பக்கம் இறங்கி, ஓடையை மூன்று இடத்தில் தாண்டி, பின்வழியாகத் தன் மரத்துக்கே வந்து திருடுவார்.

"கல்லை எடுத்துடலாமே" என்றேன். அன்று நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"எடுக்கலாம்னுதான் ரெண்டாவது வருஷம் வந்தேன். வந்து பார்த்தா நெஜமாவே ஒருத்தன் கல்லைச் சுத்திப் படுத்திருக்கான். இவ்வளவு தடிமன். நான் வச்ச கல்லுன்னு அவனுக்கு யாரும் சொல்லல போல."

அத்திகே துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஹெக்டே பதறி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது. நாகன் காதில் விழாமல் இருக்க இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"விளக்கு வைக்கலையே இன்னும்?" என்றாள் அவள்.

"இல்ல."

"அப்ப மரம் என்னோடது."

"உன்னோடதுதான்."

"திருட்டு?"

அவர் யோசித்தார். "பாதிப் பாதி."

முதலில் கல்லின் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், மூன்று முறை, வலிக்கும்படி. அது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. மூவரும் போட்டுக்கொண்டோம். பக்கத்துப் பலாமரப் பொந்திலிருந்து கயிறும் கூடையும் ஒரு சாக்கும் எடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் அணில் மாதிரி ஏறினார். வடு தரையில் விழக் கூடாது. ஒன்று அடிபட்டாலும் ஜாடி முழுவதும் அழுகிவிடும். அவர் கொத்தைக் காம்போடு ஒடித்துக் கூடையில் இறக்கினார். கூடையில் அடங்காமல் நழுவியவற்றைப் பிடிக்க எங்கள் துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டு விரித்துப் பிடித்தோம். கல்லுக்கு மேலேயும் விரிக்க வேண்டியிருந்தது. சாக்கு நிறைந்ததும் நான் பென்சில் சீவும் பிளேடால் நான்கு தளிர்க்குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. திருட்டுக்குள் ஒரு திருட்டு.

வந்த வழியே போக முடியாது. ஓடையில் இறங்கி, மூன்று முறை தாண்டி, மேட்டில் ஏறி, ஊர் பார்க்க வடக்கிலிருந்து இறங்கினோம். சாக்கு ஹெக்டேயின் தலையில். தோற்றவர் முகத்தை அவர் வழியிலேயே தயார் செய்துகொண்டார். வாசலுக்கு வந்ததும் சாக்கைப் பொத்தென்று வைக்காமல் குழந்தையை இறக்குவது போல இறக்கி, "ஜெயிச்சுட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பா ஒரு வடுவை எடுத்துக் காம்பை ஒடித்தார். தீக்குச்சி கேட்டார். பொறி பறந்ததும் மருமகளைப் பார்த்தார். அவள் நான்கு காலி ஜாடிகளையும் யார் கழுவி வைப்பது என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றார் அப்பா. உதடு வீங்கியிருந்தாலும் அது தெளிவாகக் கேட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேதினி, நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்டே. எங்க இருந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஹெக்டே இருமும் சத்தம் கேட்டது. அத்திகே சாக்கின் வாயைக் கட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்குக் காது சுட்டது.

"மேட்டு மேல" என்றேன். "காலையில பார்த்த சேரான் மரத்துக்குப் பின்னாடி. சேரான் கிளைக்கு நடுவுல பூந்துதான் போகணும்."

அப்பா கீழுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதான் கும்பிட்டிருக்காரு. திருட்டு மனுஷன்" என்றார் மரியாதையோடு. இடத்தைக் குறித்துக்கொடுக்கச் சொன்னார். குறிப்பேட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து மேடு, சேரான், அதன் பின்னால் ஒரு மாமரம் என்று வரைந்து கொடுத்தேன். கோடுகள் நேராகவே விழுந்தன. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிளம்பும்போது கோதாவரி அம்மா எங்கள் இருவரின் துப்பட்டாக்களையும் பார்த்தாள். ஓரங்களில் மஞ்சள். அவள் என்னை அருகில் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"சோப்புப் போட்டுத் தேய்க்காதே, செவந்துடும். நல்ல வெயில்ல போடு. மஞ்சக் கறை தானாப் போயிடும். முப்பது வருஷமா அவர் வேட்டியை அப்படித்தான் போக்கறேன்."

மஞ்சளின் நிறம் வெயிலில் சிதையும் என்பது நான் பாடத்தில் படித்ததுதான். அவள் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தாள். அதோடு இன்னொன்றையும்.

நான்கு ஜாடியும் யுகாதிக்கு முன்பே உப்பில் நிறைந்தன. அப்பா வரைபடத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். யாராவது வந்தால் விரித்துக் காட்டாமல், விரிக்கிற மாதிரிக் காட்டி மூடிவிடுவார். நாகபஞ்சமி அன்று அத்திகே யாரும் சொல்லாமலே விரதம் இருந்தாள். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இத்தனை பக்தியா என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

நான்கு குச்சிகளையும் காட்டு மாங்கன்றுகளில் ஒட்டுக் கட்டினேன். மூன்று கருகிவிட்டன. ஒன்று பிடித்துக்கொண்டது. மழை தொடங்கியதும் அதை எங்கள் பழைய மரம் சரிந்த கரையில் நட்டோம். ஆடி மாதத்தில் இரண்டு புதிய இலை விட்டது. பக்கத்துத் தோட்டத்து எருமை ஒன்று அதில் ஒன்றைத் தின்றது.

அன்று மாலை அத்திகே ஆற்றில் இறங்கினாள். வரும்போது இடுப்பில் ஒரு கல் இருந்தது. அதைக் கன்றுக்கு முன்னால் நட்டுவிட்டு, கையைக் கழுவாமல் வீட்டுக்குள் போய் மஞ்சள் டப்பாவை எடுத்தாள்.

இப்போது ஆற்றுக்குப் போகும்போது அப்பா அந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிறார்.